நோம்பிக்கு வீட்டில் இருப்போம், நூலகத்தைத் திறந்து வைப்போம்

(பொங்கலுக்கு முன்பு திருப்பூரில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வாசகர் வட்டத் தலைவர் ஐயா அவர்களே, நாற்காலியும் ஒலிபெருக்கியும் கொடுத்து உதவிய பனியன் கம்பெனி முதலாளி அவர்களே, வார்டு கவுன்சிலர் அம்மா அவர்களே, ஓய்வு பெற்றும் ஓயாமல் இந்த நூலகத்துக்காக அலையும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, நூலகர் அவர்களே, அடுப்பு வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, பின்னால் நிற்கும் கல்லூரித் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க. கவுன்சிலர் அம்மா இன்னும் இரண்டு கூட்டத்துக்குப் போக வேண்டியவர். இருந்தும் கடைசிவரை இருக்கிறேன் என்று உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தனியாக ஒரு நன்றி.

பொங்கல், தீபாவளி என்று நோம்பி வந்தால் ஊருக்குப் போகாமல் வீட்டிலேயே அமைதியாக இருப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். செலவு, உடம்பு, உறவு என்று மூன்றையும் சொல்கிறேன். பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. எந்த மேடையிலும் இதைச் சொல்லாமல் நான் இறங்கியதில்லை.

செலவு உங்களுக்கே தெரியும். உடம்புக்கு வருகிறேன். எங்கள் வீதியில் ஒரு குடும்பம், தேனிப் பக்கத்துக்காரர்கள். அவர் டெய்லர், அந்தம்மா செக்கிங். ஒரு தீபாவளிக்கு முந்தின ராத்திரி கோவில்வழி பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்கள். மதுரை பஸ் வந்து நிற்பதற்குள் ஜனம் மொய்த்துவிட்டது. அவர் சன்னல் வழியாகத் துண்டைப் போட்டார். உள்ளே இருந்து யாரோ எடுத்து வெளியே வீசிவிட்டார்கள். சரி, துண்டைத்தான் வீசுவார்கள், பிள்ளையை வீசமாட்டார்களே என்று ஐந்து வயதுப் பையனைத் தூக்கிச் சன்னல் வழியே உள்ளே விட்டார். பையன் சீட்டில் கைகாலைப் பரப்பிப் படுத்துக்கொண்டு, “இது எங்கப்பா சீட்டு, இது எங்கப்பா சீட்டு” என்று கத்துகிறான். அப்பாவும் அம்மாவும் படியில் கால் வைக்க முடியவில்லை. வண்டி கிளம்பிவிட்டது! அந்தம்மா தலையில் அடித்துக்கொண்டு ஓட, அவர் பையோடு பின்னால் ஓட, பை கிழிந்து முறுக்கெல்லாம் ரோட்டில். ஒரு பழக்காரர் தள்ளுவண்டியைக் குறுக்கே விட்டு பஸ்ஸை நிறுத்தினார். இறக்கிக் கொடுத்த பையன் தேம்பித் தேம்பி அழுகிறான். “ஏஞ்சாமி அழுகிறே” என்று பழக்காரர் கேட்டால், “எங்கப்பா சீட்டு போச்சே” என்கிறான். நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தத் தாய் அன்றைக்குச் செத்துப் பிழைத்தாள். பதறாத காரியம் சிதறாது.

அடுத்து வந்த பொங்கலுக்கு அவர்கள் போகவில்லை. மாமியாருக்கு வருத்தம்தான். அப்புறம் கூட்டமில்லாத ஒரு வாரம் பார்த்துப் போய்த் தங்கினார்கள். பெரியவர்களோடு உட்கார்ந்து பேச நேரம் இருந்தது. பெற்றவர்களைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எல்லாரும் ஒரே ராத்திரியில் போக வேண்டாம் என்கிறேன். நோம்பி அன்றைக்கு நம்ம வழக்கப்படி வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ வைத்துக் காப்புக் கட்டிய வீட்டில் பொங்கல் பொங்கியது. மத்தியானம் அவர் நிம்மதியாகத் தூங்கினார். பொழுதோட அரிசிம்பருப்புச் சாதம். வருசம் முழுக்க மிசினில் குனிந்து கிடக்கிற உடம்புக்கு அந்தத் தூக்கம் பெரிய சொத்துங்க.

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் போனார்கள். பூட்டிக் கிடந்தது. தை 2, திருவள்ளுவர் நாள். வள்ளுவர் பெயரில் விடுமுறை விட்டு, வள்ளுவரைப் படிக்கிற இடத்தைப் பூட்டுகிறோம்! எனக்கு இது தாங்கவில்லை. வீட்டில் இருங்கள் என்று சொன்னால் போதுமா? லைன் வீட்டில் ஒற்றை அறையில் இருக்கிறவர்கள், பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று நாளும் டிவி முன்னால்தான் உட்கார வேண்டுமா?

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் அதுதான் முதல் நூலகச் சட்டம். அப்போது கல்வி அமைச்சராக இருந்து அதைக் கொண்டுவந்த அவினாசிலிங்கம் செட்டியார் இதே திருப்பூரில் பிறந்தவர். இன்றைக்கும் நம் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. நம் ஊர்க்காரர் போட்ட வழி, நாம் கட்டுகிற பணம். நோம்பி நாளில் கதவைத் திற என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது.

உறவைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். கோரிக்கையை மட்டும் சொல்லிவிடுகிறேன். பொங்கலை ஒட்டிய மூன்று நாளும் காலையில் அரை நாள் நூலகம் திறந்திருக்க வேண்டும். நூலகருக்கும் குடும்பம் இருக்கிறது, நோம்பி இருக்கிறது. அவருக்கு அந்த நாட்களுக்கு ஈடாக வேறு நாளில் விடுப்புக் கொடுக்க வேண்டும். கூட நின்று புத்தகம் எடுத்துக் கொடுக்க நம்ம வட்டத்து ஆட்கள் வருவார்கள். இந்தப் பொங்கலுக்கு நடக்காவிட்டால் அடுத்த பொங்கல். அவசரப்பட மாட்டோம், விடவும் மாட்டோம். பதறாத காரியம் சிதறாது.

கையெழுத்துத் தாளை நூலகர் மேசையில் வைக்கவில்லை, அவருக்குத் தொந்தரவு வரக்கூடாது. வாசலில் தலைமையாசிரியர் ஐயாவிடம் இருக்கிறது. முதல் கையெழுத்து கவுன்சிலர் அம்மா போடுகிறார். திங்கட்கிழமை மாவட்ட நூலக அலுவலரிடம் கொடுக்கப் போகிறோம், வர முடிந்தவர்கள் காலையில் இங்கே வந்துவிடுங்கள்.