பாலாற்று உருண்டைக் கல்

வணக்கம் நேயர்களே. வேலூரில் நிலவியல் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். போன மாதம் எதிர்வீட்டுப் பையன் பாலாற்றிலிருந்து ஓர் உருண்டைக் கல்லைத் தூக்கிவந்து, "தாத்தா, இது டைனோசர் முட்டைதானே?" என்றான். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். ஏன் இல்லை என்று சொல்லத்தான் அன்று சாயங்காலம் முழுக்க ஆயிற்று.

கோட்டைக்குக் கிழக்கே நிற்கும் மலைகளைப் பாருங்கள். நம் பக்கத்துப் பாறைகள் ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு. டைனோசர்கள் தலைகாட்டியதோ சுமார் 23 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான். அவற்றை இந்தக் கருங்கல்லில் தேடுவது, பேரன் பெயரைத் தாத்தாவின் கல்யாணப் பத்திரிகையில் தேடுவது மாதிரி. போதாததற்கு இவை பூமிக்கடியில் வெந்து உருவான பாறைகள். எலும்பைப் பத்திரமாக வைத்திருக்கச் சேறு வேண்டும், வண்டல் வேண்டும்.

தோல் தொழில் தெரிந்தவர்கள் இதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். ஆம்பூரிலோ ராணிப்பேட்டையிலோ கேளுங்கள், பச்சைத் தோலை உப்பு போடாமல் ஒரு நாள் வெயில் காலத்தில் விட்டால் என்ன ஆகும் என்று. மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பதில் வரும். காட்டில் செத்த விலங்குக்கு யார் உப்பு போடுவது? வெள்ளம் அடித்துவந்த சேறு சீக்கிரம் மூடினால்தான் உண்டு. சதை அழுகிப் போகும், எலும்பு நிற்கும். எலும்புக்குள் எத்தனையோ நுண்துளைகள். நிலத்தடி நீர் கரைத்துவரும் சிலிக்காவும் சுண்ணாம்பும் அவற்றில் மெல்லப் படியும். நம் போர் தண்ணீரைக் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த வேலைதான், காலம்தான் அதிகம். தோல் தடம் கிடைப்பது அபூர்வம். 1908இல் அமெரிக்காவின் வயோமிங்கில் எட்மான்டோசாரஸ் என்ற தழையுண்ணி டைனோசர் ஒன்று தோல் தடத்தோடு கிடைத்தது.

சரி, எலும்பு கிடைத்தால் இனத்தை எப்படிச் சொல்வது? 1887இல் ஹாரி சீலி என்ற ஆங்கிலேயர் இடுப்பெலும்பைப் பார்த்து டைனோசர்களை இரண்டாகப் பிரித்தார். பல்லி இடுப்பு, பறவை இடுப்பு. நீள்கழுத்துத் தழையுண்ணிகளும் டிரனோசாரஸ் போன்ற இரைகொல்லிகளும் முதல் வகை. கொம்பு, கவசம், முதுகுத் தட்டு எல்லாம் இரண்டாவது வகையில். வேடிக்கை என்னவென்றால், பறவைகள் பல்லி இடுப்புக்காரர்களின் வாரிசுகள்! கோழியின் மார்புப் பக்கம் கவட்டை மாதிரி ஓர் எலும்பு இருக்குமே, அது டிரனோசாரஸுக்கும் இருந்தது. அடுத்த முறை சிக்கன் பிரியாணி சாப்பிடும்போது தேடிப் பாருங்கள்.

நம் தமிழ்நாட்டிலும் ஒரு கதை உண்டு. அரியலூர் பக்கம் கல்லமேட்டில் பிரம்மாண்டமான எலும்புகள் கிடைத்தன. கால் எலும்பு ஒன்று மட்டும் ஏறக்குறைய 2 மீட்டர். 1987இல் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்து, இரைகொல்லி என்றார்கள். பிறகு வந்தவர்கள் நீள்கழுத்துக் கூட்டத்தில் சேர்த்தார்கள். அது எலும்பே இல்லை, கல்லான மரமோ என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எடுத்துப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம் என்றால், எலும்புகள் பொடிந்து போய்விட்டன. மிஞ்சியது படங்களும் அளவுகளும்தான். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் தாக்குப்பிடித்தது, வெளியே வந்த பிறகு நிற்கவில்லை. எனக்கு இன்றும் ஆறவில்லை.

2020இல் பெரம்பலூர் குன்னத்தில் குளம் வெட்டியபோது உருண்டைகள் வெளிவர, டைனோசர் முட்டை என்று ஊரே திரண்டது. நிலவியலாளர்கள் போய்ப் பார்த்தார்கள். கடலில் வாழ்ந்த அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரைச் சுற்றி இறுகிய வண்டல் உருண்டைகள் அவை. அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டுப் பையன் கல்லை என் மேசையிலேயே விட்டுப் போய்விட்டான். செய்தித்தாள் பறக்காமல் இருக்க உதவுகிறது. லீவில் குன்னத்துக்குக் கூட்டிப்போக வேண்டுமாம். முட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லையாம், அம்மோனைட்டே போதுமாம்.