கிணறு இறைக்கிற முறை யாருடையது

யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழாவில் பேசியதை எழுதித் தரச் சொல்லிப் பெடியள் கேட்டார்கள். மேடையில் சொன்ன ஒழுங்கிலேயே எழுதுகிறேன். நேரம் போதாமல் அன்று விட்டதை இரண்டொரு இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

பெரியோர்களே, தாய்மாரே, தம்பி தங்கச்சிமாரே,

1996 சித்திரையில் தென்மராட்சியிலிருந்து ஊர் திரும்பிய நாளை இங்கே இருக்கிற மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கி வர, ஊரை விட்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டி நடந்து போனோம். ஆறு மாதம் கழித்து வந்து பார்த்தால் என் வீட்டில் கூரை இல்லை, யன்னல் இல்லை, கதவு நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். கிணறு மட்டும் இருந்தது. அதற்குள் என்னென்ன கிடந்தது என்று இங்கே சொல்ல வேண்டாம். பக்கத்து வளவு அண்ணரும் அவருடைய மூத்த மகனும் நானும், ஒழுங்கை முடக்கில் இருந்த இன்னொருவருமாக நாலு பேர் சேர்ந்து மூன்று நாள் இறைத்தோம். முதலில் அண்ணருடைய கிணறு, பிறகு என்னுடையது, பிறகு கோயில் கிணறு. மூன்றாம் நாள் பின்னேரம் சேறு எல்லாம் வாரி முடிய, அடியில் சுண்ணாம்புக்கல் வெடிப்புக்குள்ளால் ஊற்று வெள்ளையாகக் கசிந்து வந்தது. அண்ணர் அதைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, "சரி, இனி இருக்கலாம்" என்று சொன்னார். எங்கள் ஊர் திரும்பவும் ஊரானது அந்த நேரத்தில்தான் என்று நான் நினைக்கிறேன்.

என்னைப் பழமைவாதி என்று சொல்கிறார்கள். சரி, நான் பழமைவாதிதான். முப்பத்தொரு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்கு எழுதியவன். ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டுப் போன ஒருவனுக்கு, ஒரு வீட்டை, ஒரு குளத்தை, ஒரு வாசிகசாலையை உண்டாக்க எத்தனை பேருடைய எத்தனை வருடம் தேவைப்பட்டது என்பது நன்றாகத் தெரியும். அதனால்தான் இருக்கிறதைக் கவனமாகப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கிறேன். ஆனால் பழமை என்றதும் வேட்டியையும் பரதத்தையும் பற்றிக் கதைப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். நான் சொல்வது பராமரிப்பை. வருடா வருடம் திரும்பத் திரும்பச் செய்கிற அலுப்பான வேலையை.

வேலியை எடுங்கள். எந்தப் பக்க வேலி யாருடைய பொறுப்பு என்று முன்பு ஊரில் எல்லோருக்கும் தெரியும். கிளுவைக் கதியாலும் பூவரசும் நட்டு, இடையில் பனை ஓலை வைத்து, மழைக்கு முதல் அடைப்பார்கள். அடைக்கிற அன்று இரண்டு பக்கத்திலும் ஆள் வேண்டும். இந்தப் பக்கம் நிற்கிறவர் கயிற்றைக் குத்திக் கொடுக்க, அந்தப் பக்கம் நிற்கிறவர் வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோபமாக இருந்தாலும் அன்றைக்குக் கதைத்தே ஆக வேண்டும். வேலி வழக்குக்காகவே யாழ்ப்பாணத்துக் கோட்டுக்கு ஏறி இறங்கினவர்கள் நாங்கள், அதை மறைக்கவில்லை. ஆனாலும் வேலியில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருக்கும். பிள்ளைகள் அதற்குள்ளால் போய் வரும், கறி போகும், பால் வரும், இரவில் யாருக்காவது சுகமில்லை என்றால் அதற்குள்ளால்தான் ஓடி வருவார்கள். இப்போது ஆறடிக் கொங்கிறீற்று மதில். அடுத்த வீட்டில் மனிசி விழுந்து கிடந்தாலும் மறு நாள்தான் தெரியும்.

மனிதர் போகிற வழியை மட்டும் மதில் அடைக்கவில்லை, வெள்ளம் போகிற வழியையும் அடைத்துவிட்டது. ஓலை வேலிக்குக் கீழால் மழைத்தண்ணீர் தன்பாட்டில் வளவு வளவாகக் கடந்து குளத்துக்குப் போய்விடும். 2024 நவம்பர் கடைசியில் வந்த மழையில் எங்கள் ஒழுங்கையில் என்ன நடந்தது? முழங்காலுக்கு மேல் வெள்ளம், நாலு வீட்டு மலசலகூடக் குழி நிரம்பிக் கிணற்றோடு கலந்தது, ஒரு கைக்குழந்தையை மேசைக்கு மேல் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் விடிய விடிய இருந்தது. நூறு யார் தூரம் தள்ளிக் குளம் அரைவாசிதான் நிரம்பியிருந்தது! மதகை மூடி ஒருவர் மதில் கட்டியிருக்கிறார். கட்டும்போது நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனோம். நானும்தான் பார்த்தேன். வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பிக் கட்டுகிறார்கள், நாங்கள் ஏன் வாய் திறந்து பகைப்பான் என்று இருந்துவிட்டேன். அந்தக் குழந்தையின் அம்மாவைக் காணும்போதெல்லாம் எனக்கு இன்னும் நெஞ்சு சுடுகிறது.

எங்களுக்கு ஆறு இல்லை. வழுக்கியாறு ஒன்று, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை விழுகிற மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி நிற்பதைத்தான் வருடம் முழுக்க அள்ளிக் குடிக்கிறோம். அந்தக் கல் நல்ல தண்ணீரையும் விடும், கழிவையும் விடும். சுன்னாகத்தில் கிணறுகளுக்குள் எண்ணெய் கலந்து, வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் 2 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்ததை எல்லோரும் அறிவீர்கள். காசு வந்தால் கிணறு வருமா? இப்போது தாளையடியில் கடல் தண்ணீரைச் சுத்திகரிக்கிற நிலையம் இருக்கிறது, 2024 ஓகஸ்டில் திறந்தார்கள், நாளைக்கு 24,000 கன மீற்றர் எடுக்கலாம். தேவைப்பட்ட சனத்துக்கு அது கிடைக்கட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் வானத்திலிருந்து சும்மா விழுகிற தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, அதே கடலிலிருந்து மின்சாரம் செலவழித்துத் திருப்பி எடுக்கிற நிலைக்கு நாங்கள் வந்துவிட்டோம் என்பது எனக்குப் பெரிய கவலை. இரண்டு பரப்புக் காணியில் ஒரு மூலையில் கிணறு, மறு மூலையில் குழி, பக்கத்துக் காணிக்காரனுடைய குழி இன்னும் கிட்ட. இதற்கு அனுமதி கொடுப்பது யார்? கொழும்பு இல்லை. பிரதேச சபை.

இனிச் சபைக்கு வருகிறேன்.

யாழ்ப்பாண மாவட்டத்தில் 17 உள்ளூராட்சி மன்றங்கள். மாநகர சபை ஒன்று, பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி என்று நகர சபைகள் மூன்று, மிச்சம் 13 பிரதேச சபைகள். வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு அதற்குத் தேர்தலே வைக்கவில்லை. ஆகவே எங்கள் கைக்கு எட்டுகிற தூரத்தில், எங்கள் வாக்கால் வருகிற ஆட்சி என்று மிஞ்சியது இந்தச் சபைகள்தான். அதிலும் 2018 பெப்ரவரியில் தெரிவான சபைகள் 2023 மார்ச்சில் முடிய, அந்த மாதம் 9ஆம் திகதி நடக்க வேண்டிய தேர்தல் காசு இல்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6இல்தான் நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் உறுப்பினரும் இல்லை, தவிசாளரும் இல்லை, செயலாளர் கையெழுத்து மட்டும்தான். அந்த இரண்டு வருடத்தில் இந்த ஊரில் யாராவது அதைக் கேட்டு வீதிக்கு வந்தோமா? வரவில்லை. எனக்கு அதுதான் தேர்தல் முடிவை விடவும் வருத்தம்.

தேர்தல் வந்ததும் என்ன செய்தோம்? 2024 நவம்பரில் பாராளுமன்றத்துக்கு மாவட்டத்தின் ஆறு ஆசனத்தில் மூன்றைத் தெற்கின் ஆளும் கட்சியான தேசிய மக்கள் சக்திக்குக் கொடுத்தோம். ஆறு மாதத்தில் சபைகளில் பெரும்பாலும் தமிழரசுக் கட்சியை முன்னுக்கு விட்டோம். ஒருமுறை கோபத்தில், ஒருமுறை பயத்தில் என்று நான் கணிக்கிறேன். பாராளுமன்றத்துக்கு அப்படி வாக்களிப்பதை விளங்கிக்கொள்ள முடியும், அங்கே இனத்தின் பிரச்சினை இருக்கிறது. ஆனால் வட்டாரத்துக்கு வருகிறவரிடம் நான் கேட்பது வேறு. இந்த ஒழுங்கையில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும்? குளத்துக்கு எத்தனை வாய்க்கால், அதில் எத்தனை அடைபட்டுக் கிடக்கிறது? சந்தையில் கடைக் குத்தகை எப்படிக் கொடுக்கிறார்கள்? இது தெரிந்தவர் எந்தக் கட்சியில் நின்றாலும் என் வாக்கு அவருக்கு. போன முறை எங்கள் வட்டாரத்தில் நின்ற ஒரு தங்கச்சிக்கு இது எல்லாம் விரல் நுனியில் இருந்தது, முன்பள்ளி ஆசிரியை, மூன்று கிலோமீற்றர் சைக்கிளில் திரிந்து மதகு எண்ணினவள். பெண்களுக்கு 25 வீதம் என்று சட்டம் வந்தபோது எனக்கு உடன்பாடு இருக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அவளைப் பார்த்த பிறகு என் எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

சபைக்குள் போய்ச் சண்டை பிடிக்கிறவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல விருப்பமில்லை. 2020 டிசம்பரில் மாநகர சபையின் பாதீடு இரண்டு முறை தோற்று முதல்வர் பதவியிழந்தார். பாதீடு என்பது ஊர் வடிகாலுக்கும் லைட்டுக்கும் ஒதுக்குகிற காசு, அதை ஆளை விழுத்துகிற தடியாகப் பாவித்தால் இருட்டில் நடக்கப் போவது நாங்கள்தான்.

அதேபோல நாங்களும் எங்கள் பங்கைச் செய்ய வேண்டும். வீடு வளவுக்கான சோலைவரியைச் சபைக்குக் கட்டாமல் சபையைத் திட்ட எனக்கு வாய் வராது. குப்பையைப் பையில் கட்டி இரவு எட்டு மணிக்குப் பிறகு மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் மற்ற ஒழுங்கைச் சந்தியில் எறிகிற ஆட்கள் வானத்திலிருந்து வரவில்லை. பூட்டிக் கிடக்கிற வெளிநாட்டுக்காரர் வீடுகளின் தண்ணீர்த் தொட்டியில் நுளம்பு பெருகிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு டெங்கு வருகிறது, திறப்பு வைத்திருக்கிற சொந்தக்காரர் கிழமைக்கு ஒருதரம் போய்ப் பார்த்தால் என்ன? மூளாயில் சனங்கள் கூட்டுறவாக ஆஸ்பத்திரியே கட்டினார்கள். பிடியரிசி எடுத்துப் பள்ளிக்கூடமும் மடமும் நடத்திய மண் இது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை முட்டியில் போட்டு வைப்பா அம்மா, வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். அரசாங்கம் தரும் என்று அவ காத்திருக்கவில்லை.

இப்போது கோயில் விஷயம். விடிய நாலரைக்கு ஒலிபெருக்கி போடுவதை நிறுத்தச் சொல்லி நான் கேட்டபோது, "பழமை பழமை என்று சொல்லிவிட்டு நீங்களா தடுக்கிறீர்கள்" என்று சில தம்பிமார் கோபித்தார்கள். ஒலிபெருக்கி எப்போது எங்கள் பழமையானது? மணி பழமை, மேளம் பழமை, கந்தபுராணப் படிப்பு பழமை. ஒருவர் பாட்டை வாசிக்க மற்றவர் பயன் சொல்வார், கேட்கிறவர்கள் வந்து கிட்ட இருந்து கேட்பார்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலைப் பாருங்கள். அர்ச்சனை ஒரு ரூபா. பூசை நேரம் மணிக்கூடு பிழைத்தாலும் பிழைக்காது. அந்த ஒழுங்குக்காகத்தான் உலகம் முழுவதிலுமிருந்து சனம் வந்து அந்த மணலில் உருளுகிறது. எங்கள் ஊர்க் கோயிலுக்கு இன்னொரு கோபுரம் என்று சேர்க்கிற காசில் கால்வாசி கேணியைத் தூர்வார வந்தால், அதுவும் சுவாமிக்குச் செய்கிற தொண்டுதான். ஞாயிறு காலை ரியூசனை நிறுத்துங்கள் என்று நான் கேட்பதும் இதே காரணத்தால்தான். பிள்ளை கிழமையில் ஒருநாளாவது தாய் தகப்பனோடு இருந்து சாப்பிடட்டும், கோயிலுக்கோ சேர்ச்சுக்கோ போகட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு ஏழெட்டு வயதில், எங்கள் தெருக் கிணற்றடியில் ஒரு அம்மா குடத்தோடு நிற்பா. வெயிலில் நிற்பா. யாராவது வந்து அள்ளி ஊற்றும் வரை நிற்பா, ஏனென்றால் அவ துலாக் கயிற்றைத் தொடக் கூடாது என்று வைத்திருந்தோம். 1957இலேயே அதற்கு எதிராகச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் 1968இல்கூட மாவிட்டபுரம் கோயில் வாசலில் உள்ளே போகக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. அதுவும் பழமை என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொன்னார்கள். நான் அதற்கு வெட்கப்படுகிறேன். கிணற்றில் பாம்பு செத்துக் கிடந்தால் அதை எடுத்துப் போட்டுவிட்டு இறைக்கிறோம், கிணற்றைத் தூர்க்கிறதில்லை, பாம்போடு குடிக்கிறதுமில்லை. தேசவழமையையும் அப்படித்தான் பார்க்கிறேன். 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து எழுதிய எங்கள் சொத்து வழமை. பங்குக் காணியை விற்கும்போது முதலில் பங்காளிக்கு அறிவிக்க வேண்டும் என்பது ஊர் சிதறாமல் இருக்கச் செய்த நல்ல ஏற்பாடு, அது இருக்க வேண்டும். ஆனால் மனைவி தன் பேரில் இருக்கிற காணியை விற்கக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும் என்று வைத்த விதியை என் மகளுக்கு நியாயம் சொல்லி விளக்க என்னால் முடியவில்லை. முடியாததை வைத்திருக்கக் கூடாது.

கடைசியாக ஒரு வேலை. குளத்தடியில் இருந்த ஆவுரஞ்சிக்கல் றோட்டு அகலித்தபோது சரிந்து பற்றைக்குள் கிடக்கிறது. மாடு உரஞ்சுவதற்காக அந்தக் காலத்தில் யாரோ புண்ணியமாக நட்ட கல், இப்போதும் பின்னேரத்தில் இரண்டு மாடுகள் அதைத் தேடி வந்து முகர்ந்துவிட்டுப் போகின்றன. வருகிற ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கல்லை நிமிர்த்தி நட்டுவிட்டு, அப்படியே அந்த அடைபட்ட வாய்க்காலையும் வெட்டப் போகிறோம். மதில்காரரோடு நேற்று வட்ஸப்பில் கதைத்தேன், மதகு இருந்த இடத்தில் மூன்றடி உடைக்கச் சம்மதித்திருக்கிறார், உடைத்த செலவும் அவர் தருகிறார். கல்லைத் தூக்க எட்டுப் பேர் வேண்டும், ஐந்து பேர் பெயர் தந்திருக்கிறார்கள். மண்வெட்டி இருக்கிறவர்கள் கொண்டுவாருங்கள், தேத்தண்ணி எங்கள் வீட்டில்.