அம்பாசிடர், பத்மினிக்கு எந்த பெட்ரோல் பம்ப்? மெக்கானிக்கலா, எலெக்ட்ரிக்கா?

வணக்கமுங்க. வெயில் ஏறுனாப் போதும், "மெக்கானிக்கல் பம்பைக் கழட்டிட்டு எலெக்ட்ரிக் போட்டுரலாமா"ன்னு நிறையப் பேரு கேக்கறீங்க. மெக்கானிக்கல்ங்கறது எஞ்சின் சுத்தறதுல ஓடற பம்ப், எலெக்ட்ரிக்ங்கறது பேட்டரி கரண்டுல ஓடறது. அவசரப்படாதீங்க. இருக்கற பம்பை மொதல்ல சோதிச்சுப் பாக்கோணும்.

எஞ்சின் ஆறுனதுக்கப்பறம் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாம இருக்க இக்னிஷன் காயில் வயரைக் கழட்டிருங்க. கார்ப்பரேட்டருக்குப் போற ஹோஸை ஒரு பாட்டில்ல விட்டு செல்ஃப் அடிங்க. விட்டு விட்டு நல்லாப் பீச்சுனா பம்புல குறையில்லைங்க. சொட்டுச் சொட்டா வந்தா டயாஃப்ரமோ (பம்புக்குள்ள அசையற ரப்பர் சவ்வு) உள்ள இருக்கற வால்வோ போயிருக்கும். டேங்க்ல இருந்து வர்ற ஹோஸ் வெடிச்சுக் காத்து இழுத்தாலும் இப்படித்தான் காட்டும், அதையும் பாருங்க. அப்பறம் ஆயில் அளவு பாக்கற டிப்ஸ்டிக்கை மோந்து பாருங்க. பெட்ரோல் வாசம் அடிச்சா டயாஃப்ரம் கிழிஞ்சு, எஞ்சின் ஆயில் தேங்கற சம்புக்குள்ள பெட்ரோல் இறங்குதுன்னு அர்த்தம். ஆயில் நீர்த்துப் போயி பேரிங் தேஞ்சுரும், வண்டிய எடுக்கவே வேண்டாமுங்க. ரிப்பேர் கிட் போட்டு, ஆயிலையும் மாத்திருங்க. இப்ப வர்ற 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் தாங்காது, தாங்கற கிட்டாக் கேட்டு வாங்குங்க. பம்புக்கும் பிளாக்குக்கும் நடுவுல இருக்கற ஸ்பேசர் அதே கனத்துல இருக்கோணும். கனம் கூடுனா பம்ப் லீவர் அசையற தூரம் (ஸ்ட்ரோக்) கொறைஞ்சு பெட்ரோல் பத்தாது.

கோயமுத்தூர், ஈரோடுன்னு சமவெளியில ஓட்டறவங்களுக்கு இப்படிச் சரி பண்ணுன மெக்கானிக்கல் பம்பே போதுமுங்க.

மலை ஏறறவங்க கதை வேற. ஆழியாறு தாண்டுனா வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மெக்கானிக்கல் பம்ப் சூடான எஞ்சின்ல உக்காந்துக்கிட்டு டேங்க்ல இருந்து உறிஞ்சுது. உறிஞ்சற லைன்ல அழுத்தம் கொறையும், பெட்ரோல் சீக்கிரமே ஆவியாயிரும், வண்டி நின்னுரும். எலெக்ட்ரிக் பம்ப் டேங்க் பக்கத்துல இருந்து தள்ளறதால அந்தத் தொந்தரவு ரொம்பக் கொறையுது. மாசக்கணக்கா நிக்கற வண்டிக்கும் இது நல்லது, சாவி போட்டதும் கார்ப்பரேட்டர்ல பெட்ரோல் தேங்கற ஃப்ளோட் சேம்பர் நெறஞ்சுரும்.

ஆனா 2-ல இருந்து 3 பிஎஸ்ஐ (அழுத்தத்தோட அளவு) பம்ப் மட்டும் வாங்குங்க. கார்ப்பரேட்டர் இல்லாம பெட்ரோலைப் பீச்சற எம்பிஎஃப்ஐ வண்டி பம்ப் 40 பிஎஸ்ஐக்கு மேல அடிக்கும். கார்ப்பரேட்டருக்குள்ள பெட்ரோலை அடைக்கற நீடிலைத் தள்ளிக்கிட்டு பெட்ரோல் பொங்கி, சூடான மேனிஃபோல்டு மேல விழுந்தா தீதானுங்க. பம்பை டேங்க் அடிமட்டத்துக்குச் சமமாவோ கீழயோ, சைலன்சருக்கு எட்டத்துல மாட்டுங்க. பம்புக்கு முன்னாடி ஃபில்டர், கரண்டுக்கு ரிலேயும் ஃப்யூஸும். இனர்ஷியா சுவிட்சை மட்டும் விட்டுறாதீங்க. வண்டி மோதி எஞ்சின் நின்னாலும் சாவி ஆன்ல இருந்தா பம்ப் தள்ளிக்கிட்டேதான் இருக்கும், அதைக் கட் பண்றது இந்த சுவிட்சுதான். பாசிட்டிவ் எர்த் (பேட்டரியோட பாசிட்டிவ் முனை பாடியில சேர்ந்திருக்கறது) இருக்கற பழைய பிரிட்டிஷ் வண்டின்னா, அதுக்கு ஒத்து வர்ற பம்பான்னு கேட்டுக்குங்க.

பழைய பம்பைக் கழட்டுன எடத்துல கேஸ்கெட் வெச்சு பிளேட் போட்டு மூடிருங்க, இல்லைன்னா அந்த ஓட்டை வழியா ஆயில் வெளிய அடிச்சுரும்.