டிராகுலாவுக்கு பேங்க் அக்கவுண்ட் திறந்து கொடுத்த குடும்பத்தலைவி

வணக்கம் மக்களே. ஒரு ரத்தக்காட்டேரி புது ஊருக்குக் குடிவந்தால் அதற்கு முதலில் என்ன தேவைப்படும்? ரத்தம் என்று சொல்லாதீர்கள், அது எங்கேயும் கிடைக்கும். பேங்க் அக்கவுண்ட்! கையில் கட்டுக்கட்டாகப் பணம் இருக்கிறது, ஆனால் பேரைச் சொல்லி நீட்ட ஓர் அட்டை கிடையாது, வெயில் வேறு கண்ணுக்கு ஆகாது. அப்போது அதே தெருவில் இருக்கிற ஒரு நல்ல மனசுக்கார அம்மா, "பர்ஸ் தொலைந்துவிட்டதா, அடப் பாவமே" என்று காரில் உட்காரவைத்து பேங்க் வரைக்கும் கூட்டிப்போய் அக்கவுண்ட் திறக்க உதவுகிறார். இன்றைக்குப் பார்க்கப்போகிற நாவலில் பேய்க்கு இந்த ஊரில் வேர் பிடித்தது அந்த இடத்தில்தான்.

(திரையில் புத்தக அட்டை)

பேர் கொஞ்சம் நீளம், மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 'தி சதர்ன் புக் கிளப்ஸ் கைட் டு ஸ்லேயிங் வாம்பையர்ஸ்'. எழுதியவர் கிரேடி ஹெண்ட்ரிக்ஸ், வந்தது 2020-இல். கதை நடப்பது அமெரிக்காவில், தென் கரோலினா மாநிலம், சார்ல்ஸ்டன் பக்கத்தில் மவுண்ட் பிளசன்ட் என்கிற ஊர், காலம் பெரும்பாலும் 1990-கள். பின்னணி அவ்வளவு போதும். அட்டையில் ஒரு பீச் பழம், அதில் இரண்டு பல் பதிந்த ஓட்டை. இதற்காகவே வாங்கலாம் என்று தோன்றும்.

நாயகி பாட்ரிசியா. முன்பு நர்ஸ், இப்போது வீடு. கணவர் மனநல மருத்துவர், ஊரில் பெரிய மனிதர், வீட்டில் விருந்தாளி மாதிரி வந்து போகிறவர். இரண்டு பிள்ளைகள், ஞாபகம் தப்பிக்கொண்டிருக்கிற மாமியார், தீராத துணி, தீராத சாப்பாடு. முதல் அத்தியாயத்தில் பேயெல்லாம் இல்லை: இலக்கியப் பெண்கள் நிறைந்த ஒரு வாசகர் வட்டத்தில் பாட்ரிசியா ஒரு கனமான நாவலைப் பற்றிப் பேச வேண்டும், அவர் அதைப் படிக்கவேயில்லை. எழுந்து நின்று சமாளிக்கிறார் பாருங்கள், எனக்கு எலி வரும் காட்சியைவிட அதுதான் வயிற்றைக் கலக்கியது. அங்கிருந்து கழன்றுகொண்ட சில பெண்கள் தனியாக ஒரு கூட்டம் சேர்க்கிறார்கள். இலக்கியம் வேண்டாம் தாயே, நிஜக் கொலை வழக்குப் புத்தகம் படிப்போம் என்று. கிட்டி, கிரேஸ், ஸ்லிக், மேரிஎலன், பாட்ரிசியா, ஐந்து பேர். மாதாமாதம் கோடாலிக் கொலையைப் பற்றிப் பேசிக்கொண்டே கேக் சாப்பிடுகிறார்கள். இவர்களைப் பிடிக்காமல் போகவே போகாது.

அப்புறம் ஜேம்ஸ் ஹாரிஸ் வருகிறான். பார்க்க லட்சணம், பேச்சு வெண்ணெய். ஒரே ஒரு சிக்கல்: யாராவது 'உள்ளே வாங்க' என்று சொன்னால்தான் வீட்டுக்குள் கால் வைக்க முடியும். ரத்தக்காட்டேரிக் கதைகளில் இது பழைய சட்டம். ஆனால் மரியாதையே மதமாக இருக்கிற ஊரில், வாசலில் நிற்கிற ஆம்பளையை 'வாங்க' என்று சொல்லாத பெண் இருப்பாளா? அவன் அதைத் தெரிந்துகொண்டுதான் நிற்கிறான்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் சிரித்தேன். ஏனென்றால் இவன் செட்டிநாட்டுக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

(கானாடுகாத்தான் தெரு, பூட்டிய வீடுகள்)

எங்கள் பக்கத்திலும் 'வாங்க' என்பதுதான் முதல் வார்த்தை. திண்ணையில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, அதெல்லாம் சரியாக நடக்கும். ஆனால் சொம்பு கைக்கு வருவதற்குள் பட்டாலையில் உட்கார்ந்திருக்கிற அப்பத்தா கேள்வியை ஆரம்பித்துவிடுவார். "எந்த ஊரு அப்பச்சி?" அவன் ஏதோ ஓர் ஊர் சொல்வான், தேவகோட்டை என்று வைத்துக்கொள்வோம். "எந்தக் கோயில்?" முடிந்தது கதை! வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன், நகரத்தாருக்கு, அதாவது எங்கள் பக்கத்து நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில். இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி. ஒவ்வொரு குடும்பமும் இதில் ஒன்றைச் சேர்ந்தது, கல்யாணப் பேச்சே இங்கேதான் தொடங்கும், ஒரே கோயில் பிரிவுக்குள் பெண் எடுக்க மாட்டார்கள். சரி, பேய் புத்திசாலி, கூகுளில் பார்த்து 'இளையாற்றங்குடி' என்று சொல்லிவிட்டது என்றே வையுங்கள். "அதில் ஏழு பிரிவு இருக்கே, நீ எது? ஒக்கூரா, பட்டணசாமியா?" அப்பத்தா அடுத்து உன் ஐயா பேர் என்ன, ரங்கூனில் கடை வைத்திருந்தாரே அவரா, அவர் தம்பிக்குத்தானே நம்ம வளவிலிருந்து பெண் கொடுத்தோம் என்று இறங்கினால், முந்நூறு வருஷம் உயிரோடு இருந்த பேய்கூட மின்சாரம் பட்டது போல எழுந்து ஓடும். ரத்தம் குடிப்பது எப்படி, பதில் சொல்லியே நாக்கு வறண்டு போகும்.

பேங்க் விஷயத்திலும் அப்படித்தான். 1937-இல் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கை காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தார்கள், திறந்தவர் எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். லேவாதேவி ரத்தத்தில் ஊறிய ஊர் இது (மன்னிக்கவும், வேறு வார்த்தை வரவில்லை). இங்கே முகவரி இல்லாதவனுக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது.

இப்போது நீங்கள் கமெண்டில் கேட்கப் போவது தெரியும்: அப்படியானால் நம்ம ஊர் தப்பித்துவிடுமா? அதுதான் இல்லை. நாவலிலும் ஓர் அப்பத்தா இருக்கிறார், சொன்னால் நம்புங்கள். பாட்ரிசியாவின் மாமியார், மிஸ் மேரி. அவர்தான் ஜேம்ஸ் ஹாரிஸைப் பார்த்ததும் இவனை எனக்குத் தெரியும், நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஊருக்கு வந்தவன், அப்போது இவன் பேர் வேறு என்று கத்துகிறார். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டுவிட்டார். ஆனால் ஞாபகம் போன கிழவி சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்? வீட்டில் எல்லோரும் 'பாவம், உளறுகிறார்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். பேய் மட்டும்தான் அவர் பேச்சை மதிக்கிறது. மதித்து எலிகளை அனுப்புகிறது. படுக்கையில் நகர முடியாமல் கிடக்கிற கிழவி, கதவிடுக்கிலிருந்து ஒன்று, இரண்டு, அப்புறம் வெள்ளம் மாதிரி எலி, குறுக்கே பாயும் வீட்டு நாய். இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, அதாவது ரொம்பப் பிடிக்காத பகுதி. பாட்ரிசியா உண்மையைக் கண்டுபிடித்துத் தோழிகளிடம் சொல்கிறார். அவர்களும் சேர்ந்து நிற்கிறார்கள். போலீசுக்குப் போகலாம் என்று முடிவாகிறது. அந்த நேரத்தில் கணவன்மார்கள் மொத்தமாக உள்ளே வந்து உட்கார்ந்து, ஜேம்ஸ் ஹாரிஸையும் கூடவே உட்காரவைத்துக்கொண்டு, நீங்கள் கொலைப் புத்தகம் படித்துப் படித்துக் கெட்டுப்போய்விட்டீர்கள் என்று பொறுமையாக, அன்பாக, பாடம் எடுக்கிறார்கள். யாரும் கை ஓங்கவில்லை. ஒவ்வொரு தோழியும் தலையைக் குனிகிறாள். பாட்ரிசியாவுக்கு அவருடைய கணவரே மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். கதை மூன்று வருஷம் தாண்டிப் போய்விடுகிறது, அந்த மூன்று வருஷமும் பேய் எல்லார் வீட்டிலும் நல்ல பிள்ளை. ரத்தம் வரும் பக்கங்களை ஒரு தடவையோடு தாண்டிவிட்டேன், இந்த ஒரு காட்சியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். பேய் தோழிகளைக் கடிக்கவில்லை, பிரித்தது. பிரித்துவிட்டால் கடிக்கிற வேலை மிச்சம்.

அந்த ஆண்கள் ஏன் அவன் பக்கம் நின்றார்கள்? அவன் ஒரு வீட்டுமனைத் திட்டம் கொண்டுவருகிறான், எல்லோரும் அதில் பணம் போட்டிருக்கிறார்கள். இப்போது சொல்லுங்கள், நம்ம ஊரில் பிளாட் போடுகிறேன், இரட்டிப்பாகத் திரும்பும் என்று ஒருவன் வெள்ளைச் சட்டையில் வந்தால் எந்தக் கோயில் என்று யாராவது கேட்பார்களா? அப்பத்தா கேட்பார். "ஆத்தா, நீங்க உள்ளே போங்க" என்று நாமே சொல்வோம்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வெளியே சிக்ஸ் மைல் என்று கறுப்பின மக்கள் வாழ்கிற பகுதி, அங்கே குழந்தைகள் சாகிறார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. அங்கிருந்து வந்து மாமியாரைக் கவனித்துக்கொள்கிறவர் மிஸஸ் கிரீன். முதலில் சரியாகச் சந்தேகப்பட்டவர் அவர், ரொம்ப இழந்ததும் அந்தப் பகுதிதான். நாவல் இதைத் தெரிந்தேதான் வைத்திருக்கிறது, பாட்ரிசியா அவரைக் கைவிட்டதை மூடி மறைக்கவும் இல்லை. ஆனாலும் பின்கட்டு வழியாக வந்து போகிற அந்த அம்மாவின் வீட்டுக்குள் நம்மை இன்னும் நாலு அத்தியாயம் உட்காரவைத்திருக்கலாம். எனக்கு அவர் எழுதிய நாவல்தான் வேண்டும்.

தோழிகள் மறுபடி எப்படிச் சேர்கிறார்கள் என்பதைச் சொல்லப்போவதில்லை. ஒன்று மட்டும்: கறை எடுக்கத் தெரிந்தவர்கள், மிச்சத்தை டப்பாவில் போட்டு வைக்கத் தெரிந்தவர்கள், ஒரு வீட்டைப் பத்து நிமிஷத்தில் விருந்தாளி வந்ததே தெரியாத மாதிரி ஒதுக்கத் தெரிந்தவர்கள் சேர்ந்தால் போலீஸ் நாய்க்கும் மோப்பம் கிடைக்காது. தன் அம்மாவை டிராகுலாவோடு மோதவிட ஆசைப்பட்டேன் என்று ஹெண்ட்ரிக்ஸ் முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். யார் பக்கம் பாவப்படுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள்.

எலி, கரப்பான் ஆகாதவர்கள் தள்ளியே இருங்கள். பாலியல் வன்முறையும் வருகிறது, அதைத் தெரிந்துகொண்டு எடுங்கள். சாப்பிடும்போது படிக்கவே வேண்டாம். அப்புறம் காரைக்குடி, தேவகோட்டை பக்கம் பெண்கள் மட்டும் சேர்ந்து நடத்துகிற வாசகர் வட்டம் இருந்தால் கீழே எழுதுங்கள், கேமராவோடு வருகிறேன். எந்தக் கோயில் என்று கேட்டால் பதில் சொல்கிறேன்.