எல்லாரும் ஒப்புக்கொண்ட வீரன்

தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. மேலே தகரக் கூரை. மழை பிடித்துவிட்டால் நான் கத்தினாலும் கடைசி வரிசைக்குக் கேட்காது. அதனால் முன்னுரை எல்லாம் வேண்டாம், நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடைக்கு எதிரே, ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் வெண்கலச் சிலை நின்றது. ஏறத்தாழ 75 வருஷம் நின்றது. ஆள் பெயர் ஜேம்ஸ் நீல். ஸ்காட்லாந்துக்காரர், நம் மதராஸ் படையின் அதிகாரி. பீடத்தில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம். அதன் சாரம் இது: துணிச்சல்காரர், உறுதியானவர், வங்காளத்தில் எழுந்த கலக வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட வீரர், லக்னோவில் புகழோடு விழுந்தார்.

அந்த ‘எல்லாரும்’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய பேச்சு முழுக்க அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான்.

நீல் என்ன செய்தார்? 1857, சிப்பாய்க் கலகம் வெடித்த வருஷம். மே மாதம் மதராஸிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா போகிறார். அங்கே ரயில் நிலையத்தில் அவருடைய ஆட்கள் வந்து சேரத் தாமதம். நேரமாகிவிட்டது, வண்டி கிளம்பும் என்கிறார் நிலைய அதிகாரி. நீல் அவரைப் பிடித்துப் படைவீரர்களின் காவலில் வைத்துவிட்டு, தன் ஆட்கள் ஏறிய பிறகுதான் வண்டியை விட்டார். இதை அவருடைய அபிமானிகள் பெருமையாகச் சொல்வார்கள். சரி, சாமர்த்தியக்காரர்தான். அப்புறம் காசி, அப்புறம் அலகாபாத். வழியெங்கும் தூக்கு. ஊர் ஊராக எரிப்பு. கலகத்தில் சேர்ந்தவர், சேராதவர் என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. மரக்கிளைதான் தூக்குமேடை. கான்பூருக்கு முன்கூட்டி அனுப்பிய படைக்குக் கொடுத்த உத்தரவிலேயே இன்னின்ன ஊர்களை அழி என்று இருந்தது.

கான்பூரில் அதற்கு முன் ஒரு கொடுமை நடந்திருந்தது. அதையும் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. பீபிகர் என்ற வீட்டில் அடைத்து வைத்திருந்த ஏறக்குறைய 200 ஆங்கிலேயப் பெண்களையும் குழந்தைகளையும் ஜூலை 15ஆம் தேதி வெட்டிக் கொன்று கிணற்றில் போட்டார்கள். கேட்டாலே வயிற்றைப் பிசைகிற செயல். நீல் வந்து பார்க்கும்போது தரையில் ரத்தக் கறை அப்படியே இருந்தது. அவர் ஓர் உத்தரவு போட்டார். தண்டனை பெற்ற ஒவ்வொருவனும் தூக்குக்கு முன் அந்த ரத்தத்தில் ஒரு பகுதியைத் துடைக்க வேண்டும். மறுத்தால் சவுக்கடி. ஒருவரை நாக்கால் நக்க வைத்ததாகவும் பதிவு இருக்கிறது. செத்த பிறகும் அவர்களுக்குக் கதிமோட்சம் கிடைக்கக் கூடாது, சாதியும் மதமும் கெட்டுப் போய்ச் சாக வேண்டும் என்பது கணக்கு. இதை யாரோ எதிரி எழுதி வைக்கவில்லை. நீலே தன் கடிதத்தில் எழுதியிருக்கிறார். தண்டனை பெற்றவர்கள் எல்லாரும் அந்தக் கொலையில் ஈடுபட்டவர்கள்தானா என்று அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த வருஷம் செப்டம்பர் 25ஆம் தேதி லக்னோவில் குண்டடிபட்டுச் செத்தார். சில வருஷத்தில் மவுண்ட் ரோட்டில் சிலை.

இப்போது நான் கேட்கிற கேள்வி: அந்தச் சிலை நின்ற முதல் 65 வருஷத்தில், அதைத் தாண்டிப் போன குதிரைவண்டிக்காரருக்கு, டிராம் பயணிக்கு, ஸ்பென்சரில் சாமான் வாங்க வந்த குமாஸ்தாவுக்கு நீல் யார் என்று தெரியுமா? பெரும்பாலும் தெரிந்திருக்காது. ஏதோ ஒரு துரை, அவ்வளவுதான். காக்கைக்கு மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

தெரிய வைத்தவர்கள் அதை எடுக்கச் சொன்னவர்கள்.

1927 ஆகஸ்டில் முகமது சாலியா, சுப்பராயுலு நாயுடு என்ற இரண்டு தொண்டர்கள் பட்டப்பகலில் போய்ச் சிலையைச் சேதப்படுத்தினார்கள். ஓடவில்லை. நின்றார்கள், கைதானார்கள், சிறைக்குப் போனார்கள். அடுத்து ஒரு குழு, அதற்கடுத்து ஒரு குழு. திருநெல்வேலி சோமயாஜுலு முன்னணியில் இருந்தார். தெற்கு மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்தார்கள். எதற்கு? ஒரு பொம்மையை அடித்துவிட்டு உள்ளே போவதற்கு. வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

கடலூர் அஞ்சலை அம்மாள் தன் ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவோடு வந்தார். இருவரும் பிடிபட்டார்கள். அந்தச் சிறுமியைக் காந்தி பிறகு தன்னோடு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டு லீலாவதி என்று பெயர் வைத்தார். 2024இல் விக்கிரவாண்டியில் ஒரு கட்சி மாநாட்டில் அஞ்சலை அம்மாளுக்குக் கட்அவுட் வைத்த பிறகுதான் நம் பிள்ளைகள் பலர் அவர் பெயரைப் போனில் தேடினார்கள். வைத்த கட்சி எதுவாகவும் இருக்கட்டும், தேடினார்கள் அல்லவா, சந்தோஷம்.

விருதுநகரில் 24 வயது காமராஜ். இந்தப் போராட்டத்தை ஏற்று நடத்துகிறேன் என்று முன்வருகிறார். சென்னைக்கு வந்த காந்தியைப் பார்த்து அனுமதி கேட்கிறார். காந்திக்குத் தயக்கம் இருந்தது. சுத்தியல், கோடரி என்றதும் அவருக்கு உறுத்துமே. ஆனாலும் கோரிக்கையை அவர் தள்ளவில்லை. நீல் என்ற தனி மனிதன் மேல் பகை கூடாது, வன்முறை எட்டிப் பார்க்கக் கூடாது, அந்தச் சிலை எதைக் கொண்டாடுகிறதோ அதைத்தான் எதிர்க்கிறோம் என்ற தெளிவு வேண்டும் என்றார்.

இதில் ஒரு விஷயம் எனக்கு எப்போதுமே ஆச்சரியம். அதே மவுண்ட் ரோட்டைப் பிடித்துக் கோட்டைப் பக்கம் போனால், தீவுத்திடல் அருகே தாமஸ் மன்றோ குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறார். 1839இல் வைத்தது. சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரை. சிற்பி மறந்துவிட்டு வெட்கப்பட்டுத் தற்கொலை செய்துகொண்டார் என்று நம் ஊரில் ஒரு கதை சொல்வார்களே, அது சுத்தப் புளுகு. மன்றோ கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் கவர்னர். நீல் சிலையை உடைக்க ஊர்விட்டு ஊர் வந்தவர்கள், அரை மணி நடந்தால் எட்டிவிடக்கூடிய மன்றோவைத் தொடவே இல்லை. அவர்களுக்கு வெள்ளைத்தோல் பிரச்சினை இல்லை. உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்த மன்றோவோடு அவர்கள் வாதாடத் தயாராக இருந்திருப்பார்கள். ரத்தத்தைத் துடைக்க வைத்தவனோடு என்ன வாதாடுவது? ஆளைப் பார்த்து எடை போட்டார்கள். ஒரு சிலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எல்லாச் சிலையும் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் மன்றோவின் குதிரையை ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்.

போராட்டம் அப்போது ஜெயிக்கவில்லை. சைமன் கமிஷன் வந்தது, கவனம் அங்கே போய்விட்டது. 1937இல் ராஜாஜி முதன்மந்திரியானார். சில மாதத்தில் சிலை இறங்கியது. உருக்கவில்லை, கடலில் போடவில்லை. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நான் போயிருந்தபோது ஒரு பள்ளிக்கூடக் கூட்டம் வந்தது. சீருடைப் பையன் ஒருவன் வெண்கல பூட்ஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, “உள்ளே காலியாடா?” என்று கூட்டாளியிடம் கேட்டான். 1927இல் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவனைப் பிடித்து உள்ளே போட்டிருப்பார்கள்.

ஆக, சிலையை எடுத்தால் வரலாறு அழிந்துவிடும் என்கிறார்களே, நீல் விஷயத்தில் நடந்தது தலைகீழ். நின்றபோது யாருக்கும் தெரியாத வரலாறு, இறக்கச் சொன்னபோது தெருவுக்கு வந்தது.

இப்போது இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் போவோம். எட்வர்டு கோல்ஸ்டன் 1721இல் செத்தவர். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் நிர்வாகத்தில் இருந்தவர். அவர் அங்கே இருந்த காலத்தில் மட்டும் அந்தக் கம்பெனி ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது. 19,000 பேர் வழியிலேயே செத்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். பிரிஸ்டலில் பள்ளிக்கூடம் கட்டினார், முதியோர் இல்லம் கட்டினார், வாரிக் கொடுத்தார். செத்து 170 வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, 1895இல் சிலை. பலகையில் என்ன எழுதினார்கள்? இந்நகரின் மிகுந்த நற்பண்பும் ஞானமும் கொண்ட மைந்தர்களில் ஒருவருக்கு பிரிஸ்டல் மக்கள் எழுப்பியது என்று. மக்கள்! உண்மையில் வசூல் போதவில்லை. ஊரில் ஒரு பணக்காரர் முன்னின்று அலைந்துதான் பாக்கியைத் தேற்றினார். நம் ஊர்த் திருவிழாவில் ‘ஊர்ப் பொதுமக்கள்’ என்று நோட்டீஸ் அடித்துவிட்டு நாலு பேர் பணம் போடுவதில்லையா, அது மாதிரி.

பல வருஷமாகக் கேட்டுப் பார்த்தார்கள். எடுக்கக்கூட வேண்டாம், அடிமை வியாபாரம் செய்தவர் என்று பக்கத்தில் இன்னொரு பலகையாவது வையுங்கள் என்றார்கள். மாநகர மன்றம் ஒப்புக்கொண்டது. வாசகம் எழுதினார்கள். இந்தச் சொல் கடுமை, அந்தச் சொல்லைத் தூக்கு என்று இழுபறி. கடைசியில் வந்த வாசகம் பூசி மெழுகியது போல இருக்கிறது என்று மேயரே நிறுத்திவிட்டார். பலகை வரவே இல்லை. 2020 ஜூன் 7ஆம் தேதி கயிறு கட்டி இழுத்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். வழக்கில் நாலு பேர் நின்றார்கள். 2022 ஜனவரியில் நடுவர் குழு விடுவித்தது. அந்தச் சிலையும் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டு மியூசியத்துக்குத்தான் போனது. மேலே கொட்டிய பெயிண்டைத் துடைக்காமல், படுக்க வைத்தே காட்டினார்கள்.

கும்பல் சேர்ந்து தள்ளியது சரியா என்று என்னைக் கேட்டால், மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவாக இருந்திருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். ஆனால் ஒரு பலகைக்கு நாலு வரி எழுத முடியாத மேஜை அது.

இங்கே ஒருவர் எழுந்து கேட்கலாம்: அப்படியானால் நம் ஊரில் ராத்திரியில் சிலை உடைக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? 2019 ஆகஸ்டில் வேதாரண்யத்தில் அம்பேத்கர் சிலையின் தலையை உடைத்தார்கள். அரசு உடனே புதுச் சிலை வைத்தது. தமிழ்நாட்டில் எத்தனை ஊரில் அம்பேத்கர் கம்பிக் கூண்டுக்குள் நிற்கிறார் என்று பஸ்ஸில் போகும்போது எண்ணிப் பாருங்கள், விரல் போதாது. அவர் அந்த ஊரில் யாருடைய ரத்தத்தைத் துடைக்க வைத்தார்? எங்களையும் மனிதன் என்று சொன்ன ஒரே ஆள் என்று காலனிக்காரர்கள் காசு சேர்த்து வைத்த சிலை பல இடங்களில் அது. ‘எல்லாரும்’ என்பதற்குள் நாங்களும் உண்டு என்று சொல்லும் சிலை. அதை உடைக்கிறவன் அவர்களை மறுபடி வெளியே தள்ளப் பார்க்கிறான். சாலியாவும் சுப்பராயுலுவும் பகலில் வந்து பெயரைச் சொல்லிக்கொண்டு ஜெயிலுக்குப் போனார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அரசாங்கங்களும் லேசுப்பட்டவை இல்லை. மெரினாவில் 1968இல் வைத்த கண்ணகியை 2001 டிசம்பரில் எடுத்தார்கள். லாரி மோதியது, போக்குவரத்து என்றார்கள். 2006இல் ஆட்சி மாறியதும் கண்ணகி திரும்பி வந்தார். ஏன் எடுத்தோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் நாம் நேராகச் சண்டை போட்டிருக்கலாம். லாரியோடு எப்படிச் சண்டை போடுவது?

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் இறங்கினால் இதுவரை பேசியதெல்லாம் சௌகரியப் பேச்சாகிவிடும்.

2016 ஜூனில் நம் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் ஒரு சிலையைத் திறந்து வைத்தார். காந்தி சிலை. சில மாதத்தில் அங்குள்ள பேராசிரியர்கள் மனுப் போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இளம் வக்கீலாக இருந்தபோது காந்தி கறுப்பின மக்களைத் தாழ்த்தி எழுதிய வரிகளை அவருடைய எழுத்துத் தொகுப்பிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். 2018 டிசம்பரில் சிலையை எடுத்துவிட்டார்கள்.

செய்தியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவர் பின்னால் மாறினாரே, மண்டேலாவே மதித்தாரே என்று மனசுக்குள் வக்காலத்து வாங்க ஆரம்பித்தேன். அது உண்மையும்தான். நீலையும் காந்தியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த எனக்கு வாய் வராது. ஆனால் யோசித்துப் பார்த்தால், பிரிட்டனில் ஒரு நல்ல மனிதர் 1927இல் இதே மாதிரிதானே சொல்லியிருப்பார்: நீல் தைரியசாலி, சூழ்நிலை அப்படி, மறுபக்கத்தையும் பாருங்கள் என்று. தினமும் அந்த வளாகத்தில் நடப்பது கானா மாணவர்கள். சிலையை அனுப்பியது நாம். அனுப்பும் முன் அவர்களைக் கேட்டோமா?

மவுண்ட் ரோட்டில் ‘எல்லாரும்’ என்று எழுதியபோதும் நம்மை யாரும் கேட்கவில்லை.

தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. மைக்கை அந்தப் பக்கம் கொடுங்கள். காந்தி விஷயத்தில் என்னோடு சண்டை போட வேண்டியவர்கள் முதலில் வரட்டும்.