தொண்ணூற்றைந்தாவது உடல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

வரலாற்றுத் துப்பறியும் நாவல் ஒன்றைப் புதிதாக வெளியிட்டவர், வாசகர் வட்டங்களின் அழைப்பை ஏற்று விருந்தினராகச் செல்லும்போது எதைப் பேசலாம், எதைப் பேசாமல் விடலாம் என்பதே இன்று எனக்குக் கொடுக்கப்பட்டுள்ள தலைப்பு. மற்ற நாவல்களின் கதையை மேடையில் விரித்துச் சொன்னாலும் அவற்றுக்குப் பெரிய சேதம் இல்லை. துப்பறியும் நாவலிலோ முடிச்சை அவிழ்த்துவிட்டால் வாசகருக்கு மிஞ்சுவது வெறும் கயிறுதான். என் நாவல் வெளிவந்த புதிதில் நடந்த ஒரு கூட்டத்தில், அறிமுகவுரை ஆற்றிய அன்பர் நூலின் மீதிருந்த ஆர்வத்தில் கொலையாளி யார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். வாங்குவதற்காகக் கையில் எடுத்திருந்த பிரதியை ஓர் அம்மையார் மெல்ல மேசைமேல் திரும்ப வைத்ததை நான் மேடையிலிருந்தே பார்த்தேன்.

அப்படியானால் பேசுவதற்கு என்ன இருக்கிறது? வரலாறு இருக்கிறது. அது எவ்வளவு பேசினாலும் குறையாது.

இங்கிலாந்தில் 1138ஆம் ஆண்டு கோடையில், மாடில்டாவுடன் அரசுரிமைக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த ஸ்டீபன் மன்னர், ஷ்ரூஸ்பரி கோட்டையை முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். எதிர்த்து நின்ற ஆர்னல்ஃப் என்பவரும் அவருடன் ஏறத்தாழ 93 பேரும் கொல்லப்பட்டதை, அந்த வட்டாரத்திலேயே பிறந்து நார்மண்டி மடாலயம் ஒன்றில் வாழ்ந்த துறவி ஆர்டெரிக் விட்டாலிஸ் தம் வரலாற்று நூலில் எழுதிவைத்தார். எட்டு நூற்றாண்டுகளுக்குப் பின், எல்லிஸ் பீட்டர்ஸ் என்ற புனைபெயரில் எழுதிய எடித் பார்ஜெட்டர், 1979இல் வெளியான தம் நாவலில் இந்தக் கணக்கைக் கையிலெடுத்தார். தூக்கிலிடப்பட்டவர்களை அடக்கம் செய்யச் செல்லும் துறவி கேட்ஃபெல் ஒவ்வோர் உடலாக எண்ணுகிறார். இருக்க வேண்டியவை 94, இருப்பவை 95. மிகுதியாக இருந்தவனின் கழுத்தை நெரித்தது தூக்குக் கயிறு அன்று, மெல்லிய வேறொரு கயிறு.

ஒரு கொலையை மறைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் எந்த நாவலிலும் கண்டதில்லை. விருந்தினராகச் செல்பவர் பேச்சில் காக்க வேண்டிய எல்லையும் இந்த எண்ணிலேயே இருக்கிறது. அந்த 94 பேர் வரலாற்றுக்கு உரியவர்கள். அவர்களைப் பற்றியும், அந்த உள்நாட்டுப் போர் எளிய குடும்பங்களை என்ன பாடு படுத்தியது என்பது பற்றியும் மணிக்கணக்கில் பேசலாம். தொண்ணூற்றைந்தாவதாக ஒருவன் கிடந்தான் என்பது வரையிலும் சொல்லலாம். அவன் யார், அவனைக் கொன்றது யார் என்பவை நூலை வாங்கிப் படிப்பவருக்கே உரியவை.

எழுத்தாளரின் வாழ்க்கையையும் வாசகர்கள் விரும்பிக் கேட்பார்கள். பார்ஜெட்டர் இளமையில் ஷ்ராப்ஷயர் வட்டாரத்தில் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தவர் என்று தெரிந்த பிறகு, கேட்ஃபெலின் மூலிகைத் தோட்டத்தையும் தைலக் குப்பிகளையும் நாம் வேறு கண்ணோடு பார்க்கிறோம். உங்கள் நூலிலும் அப்படி ஒன்று இருக்கும். உங்கள் பாட்டனாரின் தொழிலாகவோ, ஆவணக் காப்பகத்தில் நீங்கள் கைப்பட நகலெடுத்த ஒரு பக்கமாகவோ அது இருக்கலாம். அதை அவையில் காட்டுங்கள். சான்று எங்கே முடிகிறது, உங்கள் கற்பனை எங்கே தொடங்குகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். வரலாற்றை நம்பி வந்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடன் அது.

இப்போதெல்லாம் எந்த ஊருக்குச் சென்றாலும், அறிமுகவுரை ஆற்றுபவருக்கு அரைப்பக்கக் குறிப்பு ஒன்றை முன்கூட்டியே அனுப்பிவிடுகிறேன். கதையை எந்த அத்தியாயம் வரை சொல்லலாம் என்பதை அதன் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன்.