பழைய ரைடு-ஆன் மோவர் நீலமா புகை விடுது, ரிங் மாத்தணுமா?

அடுத்த கேள்வி. "என்கிட்ட இருக்கிறது பழைய ரைடு-ஆன் மோவர், உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டுற வண்டி. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் இன்டெக் இன்ஜின், 17.5 குதிரைத்திறன், ஒத்தை சிலிண்டர். நீலமா புகை விடுது, ஆயில் குடிக்குது, ஏர் ஃபில்டர் ஆயில்ல ஊறிக் கிடக்கு. ரிங், அதான் பிஸ்டனைச் சுத்தி இருக்கிற வளையம், தேஞ்சுபோச்சுன்னு சொல்றாங்க. ரிங் செட் வாங்கலாமா?"

இப்போதைக்கு வாங்காதீங்க. ஏர் ஃபில்டர் ஆயில்ல ஊறியிருக்குன்னு சொல்றீங்க பாருங்க, அதைத்தான் முதல்ல பிடிக்கணும். ஃபில்டருக்கு ஆயில் எங்கேர்ந்து வருது? கிராங்க்கேஸ்ல (இன்ஜின்ல ஆயில் இருக்கிற அறை) இருந்து பிரீதர் ஹோஸ் (அந்த அறையோட காத்து வெளியேறுற குழாய்) வழியா வருது. உள்ளே அழுத்தம் ஏறினா, அது ஆயிலையும் சேர்த்துத் தள்ளிட்டு வந்து கார்புரேட்டர் பக்கம் ஊத்தும். அது எரிஞ்சுதான் நீலப் புகை. ஆக, அந்த அழுத்தம் எந்த வழியா உள்ளே போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

கழட்டுறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷ வேலை ஒண்ணு இருக்கு. வண்டியைச் சமதரையில நிறுத்தி டிப்ஸ்டிக்கைப் (ஆயில் அளவு பார்க்கிற குச்சி) பாருங்க. இந்த இன்ஜினுக்கு ஆயில் சுமார் 1.4 லிட்டர்தான். கூட ஊத்தியிருந்தாலே புகையும். ஊத்தாமலே அளவு ஏறியிருக்கு, மோந்து பார்த்தா பெட்ரோல் வாடை வருதுன்னா, கார்புரேட்டர் நீடில் வால்வு (பெட்ரோலை அடைக்கிற ஊசி) உட்காராம பெட்ரோல் ஆயில்ல கலக்குது. அப்படி இருந்தா ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீங்க, கனெக்டிங் ராடு பிடிச்சிடும். நீடிலை மாத்தி, ஆயிலையும் மாத்துங்க.

இது ரெண்டும் இல்லைன்னா எனக்கு முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கட் மேலதான், அதாவது சிலிண்டருக்கும் அதை மூடுற ஹெட்டுக்கும் நடுவுல இருக்கிற தகடு. இந்த வகை ஓஎச்வி இன்ஜின்ல (வால்வு ஹெட்ல இருக்கிறது) சிலிண்டருக்கும் புஷ் ராடு (வால்வை இயக்குற கம்பி) போற அறைக்கும் நடுவுல கேஸ்கட் ரொம்பக் குறுகலா இருக்கு. அந்த இடம்தான் அடிக்கடி ஊதிப் போகும். அந்த அறை நேரா கிராங்க்கேஸோட சேர்ந்தது. அதனால வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, சத்தமும் பெருசா வராது. அழுத்தம் மட்டும் உள்ளே ஏறும். பார்க்கிறவங்க ரிங்குன்னு முடிவு பண்றது இதனாலதான்.

கம்ப்ரஷன் கேஜ் போட்டுப் பார்த்துட்டேன், கம்மியா காட்டுதுன்னு சிலர் சொல்வாங்க. அதை நம்பாதீங்க. ஸ்டார்ட் பண்றப்ப பளு குறையறதுக்காக கேம்ல (வால்வைத் திறக்கிற தண்டு) கம்ப்ரஷன் ரிலீஸ் இருக்கு, அது வால்வைக் கொஞ்சம் திறந்து வைக்கும், நல்ல இன்ஜினே கம்மியாத்தான் காட்டும். லீக்-டவுன் டெஸ்ட் பண்ணுங்க, காத்து எங்கே கசியுதுன்னு பார்க்கிற சோதனை. பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்நிலையில நிறுத்தி, பிளக் ஓட்டை வழியா காத்து கொடுங்க. காத்து அடிச்சா கிராங்க் சுத்தப் பார்க்கும், கெட்டியா பிடிச்சுக்கங்க. சைலன்சர்ல சீறினா எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டர்ல சீறினா இன்டேக் வால்வு. டிப்ஸ்டிக் குழாயில சீறினா ரிங்காவும் இருக்கலாம், கேஸ்கட்டாவும் இருக்கலாம். இந்த ரெண்டையும் பிரிக்க சிலிண்டர்ல கொஞ்சம் ஆயில் விட்டுப் பார்க்கிற வழக்கம் உண்டு. ஆனா இதுல சிலிண்டர் படுத்த வாக்குல இருக்கு. ஆயில் கீழ்ப்பக்கமே தேங்கும், ரிங்கைச் சுத்தி பரவாது. அதனால ஹெட்டைத் திறந்தே பார்த்துடுங்க.

பிளக் ஒயரைக் கழட்டிட்டு, ராக்கர் கவர், புஷ் ராடு, ஹெட்னு வரிசையா எடுங்க. எந்தப் புஷ் ராடு எந்தப் பக்கம்னு குறிச்சு வைங்க. கேஸ்கட்டை வெளிச்சத்துல பிடிச்சு அந்தக் குறுகலான பாலத்தைப் பாருங்க. போயிருந்தா அங்கே கறுப்பா ஒரு தடம் எரிஞ்சு ஓடியிருக்கும், சில சமயம் துண்டே காணாமப் போயிருக்கும். அப்படியே பிஸ்டன் தலையையும் பாருங்க. முழுக்கக் காஞ்ச கரி இருந்தா ரிங் பரவாயில்லை. ஓரம் மட்டும் கழுவி விட்ட மாதிரி பளபளன்னு இருந்தா ஆயில் ரிங் வழியாவும் ஏறுது. சிலிண்டர் சுவர்ல நகத்தை ஓட்டிப் பாருங்க. கோடு நகத்துல தட்டினா போர் (சிலிண்டரோட உள்துளை) போச்சு.

கேஸ்கட் மட்டும்னா சந்தோஷம். ரெண்டு பரப்பையும் சுத்தமா சுரண்டி, நேரான ஸ்கேல் வச்சு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) விட்டுப் பாருங்க. 0.1 மில்லிமீட்டர் தகடு நுழைஞ்சா ஹெட் வளைஞ்சிருக்கு. கண்ணாடி மேல எமரி ஷீட் விரிச்சு, எண்ணெய் விட்டு, எட்டு போடுற மாதிரி தேயுங்க. புது கேஸ்கட் போட்டு, போல்ட்டை எதிரெதிரா மூணு தடவையா ஏத்தி, கடைசியா 25 நியூட்டன் மீட்டர்ல நிறுத்துங்க. மாடல் நம்பரை வச்சு மேனுவல்லயும் ஒரு தடவை சரிபாருங்க. கைக்கணக்கு மட்டும் வேண்டாம்.

டேப்பட் செட்டிங்லதான், அதாவது வால்வு இடைவெளி வைக்கிறதுலதான், நிறைய பேர் ஏமாறுறாங்க. கம்ப்ரஷன் ரிலீஸ் இருக்கிறதால சரியா மேல்நிலையில வச்சு அளந்தா தப்பா வரும். மேல்நிலையைத் தாண்டி பிஸ்டன் 6 மில்லிமீட்டர் இறங்கினதும் அளக்கணும். இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.15 மில்லிமீட்டர்.

ரிங்தான் போயிருக்குன்னா இன்ஜினை இறக்கணும், வேற வழியில்லை. போரை அளந்து, அசல் அளவை விட 0.075 மில்லிமீட்டருக்கு மேல தேஞ்சிருந்தா வெறும் ரிங் போட்டுப் பிரயோஜனம் இல்லை. அந்த நிலைக்கு வந்துட்டா வேற இன்ஜினோட விலையையும் கேட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. போர் நல்லா இருந்தா லேசா ஹோனிங் (சிலிண்டர் சுவரைக் கல்லால உரசுறது) பண்ணி, சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவுங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய்ல கழுவினா ஹோனிங் பொடி சுவர்லயே ஒட்டிக்கிட்டு புது ரிங்கைத் தின்னுடும். வெள்ளைத் துணியில துடைச்சா துணி வெள்ளையாவே வரணும்.

கேஸ்கட் ஏன் போச்சுன்னும் பாருங்க. பிளோயர் கவரைக் கழட்டினா ஃபின்னுக்கு (சூட்டை வெளியேத்துற தகடு) நடுவுல புல்லும் தூசியும் அடை மாதிரி அடைஞ்சிருக்கும். காத்து போகாம ஹெட் சூடேறி வளையும். அதைச் சுரண்டாம மூடினா புது கேஸ்கட்டும் அதே வழியில போகும். ஆயில் எஸ்ஏஇ 30 ஊத்துங்க. 27 டிகிரிக்கு மேல வெயில் அடிக்கிற இடத்துல 10டபிள்யூ-30 போட்டா ஆயிலை அதிகமா குடிக்கும்.

முடிச்சு ஸ்டார்ட் பண்ணதும் மறுபடி புகை வரும், பயப்படாதீங்க. சைலன்சர்ல ஊறின பழைய ஆயில் எரிஞ்சு தீரணும், அரை மணி நேரம் ஓட விடுங்க. அதுக்கு அப்புறமும் நிக்கலைன்னா பிரீதர் ஹோஸைக் கழட்டிப் பாருங்க. ஆயில் வடிஞ்சா பிரீதர் வால்வு தகடு உட்காரலை. ஹோஸ் காஞ்சிருந்தா இன்டேக் வால்வு சீலை மாத்துங்க.